14 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2400 வரை: ஒரு ஹாம் நிலையத்தின் கனெக்டர்கள்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய ஓர் ஊரில், இரண்டு மாடி வீடொன்றில் அமைந்துள்ள ஹாம் (பொழுதுபோக்கு அமெச்சூர்) வானொலி நிலையம். அதன் உரிமையாளர் நெடுங்காலமாக 7, 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் 100 வாட் ரேடியோ ஒன்றையும், 145 மெகாஹெர்ட்ஸில் உள்ளூர்த் தொடர்புக்கென ஒரு சிறிய ரேடியோவையும் இயக்கி வருபவர். அண்மையில் அவர் கியூஓ-100 வழியாகப் பேச விரும்பி மொட்டை மாடியில் 75 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றை நிறுத்தினார். கத்தார் நாட்டின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர் பயன்பாட்டுக்காக வைக்கப்பட்டுள்ள டிரான்ஸ்பாண்டருக்குத்தான் கியூஓ-100 என்று பெயர். 2018 நவம்பரில் ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 25.9 பாகையில் நிலைத்து நிற்கிறது; சென்னையிலிருந்து பார்த்தால் மேற்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 27 பாகை உயரத்தில் இருக்கும். அதற்கு 2400 மெகாஹெர்ட்ஸில் அனுப்ப வேண்டும், அது 10489.5 மெகாஹெர்ட்ஸையொட்டித் திருப்பி அனுப்பும்.

உரிமையாளர் சொன்ன குறைகள் மூன்று. செயற்கைக்கோளிலிருந்து திரும்பி வரும் தம்முடைய குரல் இரைச்சலுக்குள் ஏறக்குறைய மூழ்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் 14 மெகாஹெர்ட்ஸ் டைபோலில் (இரு கைகளாக நீட்டிய கம்பி ஆன்டெனா) எஸ்டபிள்யூஆர் நிலையற்று அலைகிறது; அனுப்பும் ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம் அது, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 100 வாட் ரேடியோ, உரத்துப் பேசும்போது சில வேளைகளில் தானாக அணைந்துவிடுகிறது. மூன்றுக்கும் அவர் வைத்திருந்த விளக்கம் ஒன்றே: கனெக்டர்கள் மட்டமானவை, எல்லாவற்றையும் களைந்துவிட்டுத் தங்க முலாம் பூசிய என்-வகைக் கனெக்டர்களாக மாற்றிவிட்டால் தீர்ந்தது. அந்த முடிவில் பாதி உண்மை இருந்தது. எந்தப் பாதி என்பதைப் பிரித்தறிவதே இந்த ஆய்வின் வேலையாயிற்று.

செயற்கைக்கோளுக்குச் செல்லும் வழி

435 மெகாஹெர்ட்ஸை 2400க்கு உயர்த்தும் அப்கன்வெர்ட்டரும், அதை அடுத்து 10 வாட் பவர் ஆம்ப்ளிஃபையரும் கீழ் அறையின் மேசையிலேயே இருந்தன. இனி வரும் எஸ்எம்ஏ, பிஎன்சி, என்-வகை ஆகியவை கேபிள் முனைகளில் மாட்டும் கனெக்டர் வகைகள்; பிஎல்-259 என்பது ஆண், எஸ்ஓ-239 அதற்கேற்ற பெண். ஆம்ப்ளிஃபையரின் எஸ்எம்ஏ வாயிலிருந்து ஒரு குட்டைக் கேபிள், அதன் மறுமுனையில் எஸ்எம்ஏவிலிருந்து பிஎன்சிக்கு ஓர் அடாப்டர், அதன் மேல் பிஎன்சியிலிருந்து எஸ்ஓ-239க்கு இன்னோர் அடாப்டர், பிறகு 15 மீட்டர் ஆர்ஜி-213 கேபிள், அதன் இரு முனைகளிலும் பிஎல்-259, டிஷ்ஷின் குவியத்தில் என்-வகைக்கு மாற்ற மறுபடியும் ஓர் அடாப்டர் என்று சங்கிலி நீண்டது. கேபிள், பழைய டைபோல் ஒன்றிலிருந்து கழற்றி எடுத்தது. பிஎல்-259 அதில் முன்பே பொருத்தப்பட்டிருந்ததால் அவர் அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்.

பிஎல்-259 மீது ஹாம்களிடையே இரண்டு விதமான பிடிவாதங்கள் உண்டு. ஒரு சாரார் அதை எங்கும் பயன்படுத்துவார்கள். மறு சாரார் 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் அதைத் தொடவே மாட்டார்கள். இரண்டும் கணக்குப் பார்க்காமல் வருபவை. 1930களின் இறுதியில் ஆம்பினால் நிறுவனத்தில் உருவான இந்தக் கனெக்டருக்கு நிலையான இம்பீடன்ஸ் (அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஓமில்) கிடையாது. ஆணும் பெண்ணும் இணைந்த இடத்தில், ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு, 50 ஓம் கேபிளின் நடுவே 35 ஓம் அளவிலான ஒரு சிறு துண்டு செருகப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது. அந்தத் துண்டு தீங்கு செய்யுமா என்பது அலைநீளத்தோடு ஒப்பிடுகையில் அது எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 21 மீட்டர். அங்கே 25 மில்லிமீட்டரை எந்தக் கருவியும் காணாது. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் இரண்டு மீட்டர். அப்போதும் பொருட்படுத்த வேண்டியதில்லை. 435இல் எஸ்டபிள்யூஆர் 1.2ஐ ஒட்டி வரும், பொறுத்துக்கொள்ளலாம். 2400இல் காற்றில் அலைநீளமே 125 மில்லிமீட்டர். கனெக்டரின் உள்ளிருக்கும் மின்காப்புப் பொருளில் அது இன்னும் குறுகும். ஆகவே அந்த 25 மில்லிமீட்டர் ஏறத்தாழக் கால் அலைநீளமாகி, ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் போலச் செயல்படத் தொடங்கும். 50ஐ 35ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் கிடைக்கும் 2 என்ற எண்தான் அங்கே ஓர் இணைப்பு மட்டுமே உண்டாக்கக்கூடிய எஸ்டபிள்யூஆர்.

இதையே முழுக் காரணம் என்று எடுத்துக்கொண்டு ஆய்வை முடித்திருக்கலாம். ஆனால் எஸ்டபிள்யூஆர் 2 என்றால் திரும்பி வருவது 11 விழுக்காடு ஆற்றல்தான்; ஆற்றல் இழப்பை அளக்கும் டெசிபலில் சொன்னால் அரை டெசிபல். இரு முனைகளிலும் சேர்ந்து, பிரதிபலிப்புகள் ஒன்றோடொன்று கூடினாலும் இரண்டு டெசிபலைத் தாண்டாது. கேபிளின் இழப்பு அதைவிடப் பெரியது. ஆர்ஜி-213 இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.45 டெசிபலை விழுங்குகிறது. 15 மீட்டருக்கு ஏழு டெசிபலை நெருங்கும். மேசையில் புறப்படும் 10 வாட்டில் மாடிக்குப் போய்ச் சேருவது இரண்டு வாட்தான். உலகத்திலேயே சிறந்த என்-வகைக் கனெக்டரைப் பொருத்தியிருந்தாலும் அந்த ஏழு டெசிபல் அங்கேயேதான் இருந்திருக்கும். உரிமையாளரின் திட்டம் இந்த இடத்தில் பொய்த்தது.

அப்படியும் கணக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. 75 சென்டிமீட்டர் டிஷ்ஷில் ஒன்றரை வாட் சென்றால்கூட அந்தச் செயற்கைக்கோளில் குரல் மெலிதாகவேனும் புரியும்படி கேட்க வேண்டும். இங்கே கேட்டது அதைவிடப் பல டெசிபல் குறைவு. எனவே சங்கிலியை ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, மல்டிமீட்டரால் நடுக்கம்பியின் தொடர்ச்சியைப் பார்த்தபோது குற்றவாளி அகப்பட்டது. ஆம்ப்ளிஃபையரின் வாயில் முடுக்கியிருந்த குட்டைக் கேபிள், வைஃபை ரவுட்டர்களுக்கென விற்கப்படுவது. அதன் முனை வெளிப்பார்வைக்கு எஸ்எம்ஏ ஆண் கனெக்டரைப்போலவே இருக்கும், மரையும் ஒன்றே. ஆனால் நடுவில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் துளை இருக்கும். வாங்குபவர்கள் நினைத்த ஆன்டெனாவை எளிதில் மாட்டிவிடக் கூடாது என்ற அமெரிக்க விதியை நிறைவேற்றுவதற்காக வைஃபை உற்பத்தியாளர்கள் கையாண்ட தலைகீழ் வகை அது, ஆர்பி-எஸ்எம்ஏ என்பார்கள். ஆம்ப்ளிஃபையரின் வாயிலும் துளை, கேபிளின் முனையிலும் துளை. இரண்டும் அழகாக முடுக்கப்பட்டு, இறுக்கமாக நின்று, நடுவில் ஒன்றையொன்று தொடாமலே இருந்தன. 2400 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டியும் கொஞ்சம் ஆற்றல் கசிந்து சென்றிருக்கிறது. அதனால்தான் தொடர்பு அடியோடு அற்றுப்போகாமல் உரிமையாளரை நெடுநாள் குழப்பியிருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் கருகாமல் தப்பியது நற்பேறு. இதற்கு எதிரான சேர்க்கை, அதாவது ஊசியோடு ஊசி மோதுவது, இன்னும் மோசம். அங்கே கனெக்டரே நசுங்கும். எஸ்எம்ஏ என்று சொல்லி விற்கப்படும் எதையும் முடுக்குவதற்கு முன் நடுவில் ஒருமுறை உற்றுப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

கனெக்டருக்கு முன் இடம்

குட்டைக் கேபிளை மாற்றியதும் குரல் எழும்பியது. ஆனால் ஏழு டெசிபல் மிச்சமிருந்தது. இங்கேதான் கனெக்டரைத் தேர்ந்தெடுப்பது பற்றிய உண்மையான முடிவு வருகிறது. எந்தக் கனெக்டர் என்று கேட்பதற்கு முன், எந்த அதிர்வெண் எந்தக் கேபிளில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்டாக வேண்டும். அப்கன்வெர்ட்டரையும் ஆம்ப்ளிஃபையரையும் மழை புகாத அலுமினியப் பெட்டியில் வைத்து, டிஷ்ஷின் நிழல் விழும் பக்கத்தில், அதன் கம்பத்திலேயே பொருத்திவிட்டால், நீண்ட கேபிளில் போவது 2400 அல்ல, 435 மெகாஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் அதே ஆர்ஜி-213இன் 15 மீட்டருக்கு இழப்பு இரண்டரை டெசிபல்தான். அதையும் கீழிருக்கும் ரேடியோவின் ஆற்றலைச் சற்றுக் கூட்டி ஈடுகட்டிவிடலாம். 2400 பயணிப்பது அரை மீட்டருக்கும் குறைவான தூரம். உரிமையாளர் உடனே ஒப்பவில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபையர் என்ன ஆகும் என்று கேட்டார், நியாயமான கேள்விதான். அதன் வெப்பத் தகட்டைப் பெட்டிக்கு வெளியே, பின்புறமாக நிறுத்தியபின் சம்மதித்தார்.

இடம் முடிவானதும் கனெக்டர்கள் ஏறத்தாழத் தாமாகவே முடிவாகின. நீண்ட கேபிளின் மேல்முனைக்கு என்-வகை. 435 மெகாஹெர்ட்ஸுக்கு பிஎல்-259 கூடப் போதும் என்பது மேலே கண்ட கணக்கு. என்றாலும் அது வெட்டவெளியில் நிற்கும் இணைப்பு. பெல் ஆய்வகத்தில் பால் நீல் வடிவமைத்த என்-வகைக்கு இம்பீடன்ஸ் சீராக இருப்பது ஒரு சிறப்பு என்றால், அதன் உள்ளே ரப்பர் வளையம் இருப்பது நம் கடற்கரைக்கு அதனினும் பெரிய சிறப்பு. கீழ்முனை அறைக்குள் இருப்பதால், ரேடியோவின் பின்புறத்தில் எது இருந்ததோ அதுவே அங்கே வைக்கப்பட்டது.

என்-வகையை வாங்கும்போது கேபிளின் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். ஆர்ஜி-213க்கும் எல்எம்ஆர்-400க்கும் வெளி விட்டம் ஒன்றேபோல் தோன்றினாலும், முன்னதன் நடுக்கம்பி ஏழு இழைகளாலான 2.26 மில்லிமீட்டர், பின்னதன் நடுக்கம்பி 2.74 மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பி. ஒன்றுக்கான நடு ஊசியில் மற்றது நுழையாது. நுழைய வைப்பதற்காகக் கம்பியை அரம் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. எல்எம்ஆர்-400இன் நடுக்கம்பி செம்பு போர்த்திய அலுமினியம் என்பதால், தேய்க்கும்போது போவது மின்சாரத்தைச் சுமக்கும் அந்தச் செம்புதான். இன்னொன்று, என்-வகையில் 75 ஓம் சாதியும் இருக்கிறது. அதன் ஊசி மெல்லியது. 75 ஓம் பெண் கனெக்டரில் 50 ஓம் ஆணைத் திணித்தால் உள்ளிருக்கும் விரல்கள் விரிந்து, பிறகு எதையும் பிடிக்காமல் போகும். பழைய பொருள் விற்கும் கடைகளில் இந்தக் கலப்பு அதிகம்.

ஊசி எவ்வளவு ஆழத்தில் அமர்கிறது என்பதும் முக்கியம். பின்னலை (நடுக்கம்பியைச் சூழ்ந்த உலோக வலை) கிரிம்ப் செய்வதற்கு, அதாவது அச்சால் நசுக்கிப் பிடிக்கவைப்பதற்கு முன், நடு ஊசி மின்காப்பின் மேல் தட்டி அமர்ந்துவிட்டதா என்று பார்க்காவிட்டால், ஊசி குறைவாக நீட்டிக்கொண்டு, வெயிலில் கேபிள் சுருங்கி விரியும்போது தொட்டும் தொடாமலும் இருக்கும். ஆர்ஜி-213 அளவுக்கு அறுகோண அச்சு 10.9 மில்லிமீட்டர், ஆர்ஜி-58 அளவுக்கு 5.4 மில்லிமீட்டர். சாதாரண இடுக்கியால் நசுக்கிய கிரிம்ப் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் காற்றில் ஆடும் கேபிளைத் தாங்காது.

பெட்டிக்குள் எஸ்எம்ஏ. ஆம்ப்ளிஃபையரில் அதுதான் இருக்கிறது, அதை மாற்ற வேண்டிய தேவையுமில்லை. ஆனால் சர்க்யூட் பலகையில் சால்டர் செய்யப்பட்ட எஸ்எம்ஏவில் விரல் பருமனுள்ள கேபிளைத் தொங்கவிட்டால், சுமை முழுவதும் பலகையின் செம்புப் பட்டைக்கு வந்து சேரும். கனெக்டர் பிழைக்கும், பலகை பிய்யும். அதனால் பெட்டியின் சுவரில் என்-வகைப் பெண் கனெக்டர் ஒன்றைப் பதித்து, அங்கிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை ஆர்ஜி-142 துண்டு ஒன்று போடப்பட்டது. எஸ்எம்ஏவை முடுக்குவதற்குச் சிறு ஸ்பேனர் போதும். பித்தளை வகைக்கு 0.6 நியூட்டன் மீட்டருக்கும் குறைவான முறுக்குதான் பரிந்துரை. அதைச் சுமார் 500 முறைக்கு மேல் கழற்றி மாட்டவும் கூடாது. நானோவிஎன்ஏ போன்ற அளவுக்கருவியை வைத்திருப்பவர்கள் அதன் வாயில் ஒரு தியாக அடாப்டரை நிரந்தரமாக மாட்டிவைப்பது இதனால்தான். தேய்வது அடாப்டராகட்டும், கருவியாக வேண்டாம்.

கீழிறங்கும் வழியில் உள்ள எல்என்பிக்கு (டிஷ்ஷில் சமிக்ஞையைப் பெருக்கித் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கும் கருவி), டிடிஎச் டிஷ்களில் இருக்கும் அதே எஃப்-வகைக் கனெக்டர், 75 ஓம் ஆர்ஜி-6 கேபிள். ரேடியோ 50 ஓம் என்பதால் இதையும் மாற்ற வேண்டுமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம். 75க்கும் 50க்கும் இடையிலான பொருத்தமின்மையால் இழப்பது 0.2 டெசிபலுக்கும் குறைவு. அதற்கு முன்பே எல்என்பி சமிக்ஞையை 50 டெசிபலுக்கு மேல் பெருக்கியிருக்கிறது.

மழையும் டைபோலும்

14 மெகாஹெர்ட்ஸ் டைபோலின் நடுவில், கேபிளை அதன் இரு கைகளோடு இணைக்கும் பேலன் பெட்டியைக் கீழிறக்கிப் பார்த்தபோது, பிஎல்-259இன் உள்ளே பச்சை பூத்திருந்தது. இந்தக் கனெக்டருக்கு ரப்பர் வளையம் எதுவும் கிடையாது; மரை வழியாக நுழையும் நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலப் பின்னலுக்குள் ஏறிவிடுகிறது. உறையைக் கீறிப் பார்க்க, கனெக்டரிலிருந்து வெகுதூரத்துக்குப் பின்னல் கறுத்திருந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு வேடிக்கை உண்டு. நீர் புகுந்த கேபிளில் இழப்பு கூடுவதால், ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் ஆற்றலும் வழியிலேயே கரைந்துவிடும். கீழே இருக்கும் மீட்டரில் எஸ்டபிள்யூஆர் முன்னிலும் நன்றாகத் தெரியும். இந்த நிலையத்தில் மழை வலுத்த நாள்களில் எஸ்டபிள்யூஆர் குறைந்ததைக் கண்டு உரிமையாளர் மகிழ்ந்ததும் நடந்திருக்கிறது. மேல்முனையில் டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை உறிஞ்சும் மின்தடை) மாட்டி, இரு முனைகளிலும் ஆற்றலை அளந்து பார்த்தாலொழிய இது வெளிப்படாது.

இங்கே என்-வகைக்கு மாறவில்லை. பேலன் பெட்டியில் எஸ்ஓ-239தான் இருந்தது. 14 மெகாஹெர்ட்ஸில் அதனால் எந்தக் கேடும் இல்லை. மாற்றினால் பெட்டியைத் துளைக்க வேண்டியிருக்கும். கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, டெஃப்லான் மின்காப்பும் வெள்ளி முலாமும் கொண்ட புதிய பிஎல்-259 பொருத்தப்பட்டது. நிக்கல் முலாம் பூசிய மலிவான வகையில் பின்னலைச் சால்டர் செய்வது பெரும்பாடு. சால்டர் ஒட்டுவதற்குள் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகி, நடு ஊசி சாய்ந்துவிடும். வெள்ளி முலாமில் சால்டர் தண்ணீர்போல் பரவுகிறது. அது நாளடைவில் கறுப்பதைக் கண்டு பலர் தங்கத்துக்கு ஓடுகிறார்கள். எச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான) பட்டைகளில் அந்தக் கறுப்பால் கெட்டது எதையும் நான் கண்டதில்லை.

பெட்டி திருப்பி மாட்டப்பட்டதில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது: கனெக்டரின் வாய் முன்பு வானத்தைப் பார்த்திருந்தது, இப்போது தரையைப் பார்க்கிறது. இணைப்பின் மேல், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் பாதி ஏறும்படி வைத்தால் மடிப்புகள் நீரை வெளியே தள்ளும். அந்த ரப்பர் வெயிலில் வெடித்துவிடும் என்பதால் அதன் மேல் சாதாரண பிவிசி டேப் ஒரு சுற்று. சிலிகான் பசையைக் கொட்டி மூடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. குழாயைத் திறந்ததும் காடி நெடி வீசும் வகை உலரும்போது அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிக்கிறது.

145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் பிஎல்-259கள் பார்க்கப்பட்டு, உலர்ந்திருந்ததால், டேப் மட்டும் புதுப்பிக்கப்பட்டு அப்படியே விடப்பட்டன.

20 ஆம்பியர் போகும் வழி

ரேடியோ தானாக அணைவதற்கு ஆன்டெனா பக்கத்தில் காரணமே இல்லை. 100 வாட் ரேடியோ உச்சத்தில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 13.8 வோல்ட்டிலிருந்து 15 விழுக்காடு குறைவது வரை, அதாவது 11.7 வோல்ட் வரைதான் இத்தகைய ரேடியோக்கள் பொறுக்கும். மின்வழங்கி அறையின் மறுகோடியில் இருந்தது. இடையே நான்கு மீட்டர் நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். போக, வர என எட்டு மீட்டரில் 0.06 ஓம், 20 ஆம்பியரில் 1.2 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. வழியில், வீட்டு ஒயரிங்கில் பயன்படுத்தும் திருகு வைத்த ஸ்ட்ரிப் கனெக்டர் ஒன்று, இழைகளைப் பாதி வெட்டியும் பாதி பிடித்தும் சூடாகிக்கொண்டிருந்தது. அப்படி ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தால் இன்னொரு 0.4 வோல்ட் போகும். கூடவே எட்டு வாட் வெப்பம் அந்தச் சிறு பிளாஸ்டிக்குக்குள் உண்டாகும். அது ஏற்கெனவே பழுப்பேறியிருந்தது.

மின்வழங்கி அருகில் கொண்டுவரப்பட்டு, ஒயர் 4 சதுர மில்லிமீட்டரில் இரண்டு மீட்டராகக் குறைக்கப்பட்டது. கனெக்டருக்கு எக்ஸ்டி60, ஆண்டர்சன் பவர்போல் ஆகிய இரண்டும் பரிசீலிக்கப்பட்டன. எக்ஸ்டி60 நம் ஊர் டிரோன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். 20 ஆம்பியரை எளிதில் தாங்கும். தலைகீழாக மாட்டவும் முடியாது. ஆனால் அதில் ஆண், பெண் உண்டு. மின்வழங்கி, பேட்டரி, சோலார் கன்ட்ரோலர், ரேடியோ என நான்கு பொருள்களை மாற்றி மாற்றி இணைக்க வேண்டிய நிலையத்தில் எதற்கு எது என்ற கணக்கு விரைவில் குழம்பிவிடும். பவர்போலில் இரு பக்கமும் ஒரே உருவம். எதை எதோடும் இணைக்கலாம். அமெரிக்காவின் அவசரகால ஹாம் குழுக்கள் அதையே பொது வழக்காகக் கொண்டதற்குக் காரணமும் அதுதான். 15, 30, 45 ஆம்பியர் உள்தகடுகள் மூன்றும் ஒரே கூட்டில் பொருந்துகின்றன. 4 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 45 ஆம்பியர் தகடு எடுக்கப்பட்டது. சிவப்பையும் கறுப்பையும் எந்தப் பக்கம் அடுக்குவது என்பதில் மட்டும் சொந்தப் புத்தி கூடாது: வாயைத் தம் பக்கம் திருப்பி, தகட்டின் நாக்கு மேலே இருக்கும்படி பிடித்தால், சிவப்பு வலப்புறம், கறுப்பு இடப்புறம். வேறு நிலையத்துப் பேட்டரி வந்தாலும் துருவம் மாறாதிருக்க இந்த ஒழுங்கு ஒன்றே காவல்.

மாடிப் பெட்டிக்குச் செல்லும் 28 வோல்ட்டுக்குப் பவர்போல் பெட்டிக்குள்ளேயே வைக்கப்பட்டது. மழைக்கு எதிரான பாதுகாப்பு எதுவும் அதற்கு இல்லை. ஒயர் மட்டும் பெட்டியின் அடியிலுள்ள கேபிள் கிளாண்ட் வழியாக நுழைகிறது.

அடுத்த பருவமழை முடிந்தபின் எல்லா இணைப்புகளும் மறுபடி திறந்து பார்க்கப்பட்டன. என்-வகையும் டேப்புக்குள் இருந்த பிஎல்-259ம் உலர்ந்திருந்தன. கெட்டுப்போயிருந்தது எல்என்பியின் எஃப்-வகைக் கனெக்டர் மட்டுமே. டிஷ்ஷைப் பொருத்த வந்தவர் கையால் முடுக்கிவிட்டுப் போன, ஆய்வில் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத கனெக்டர் அது. அதில் கேபிளின் நடுக்கம்பியே ஊசியாக நிற்கிறது. செம்பு போர்த்திய எஃகுக் கம்பியின் வெட்டிய முனை, எல்என்பிக்கான 12 வோல்ட்டும் உப்பு ஈரமும் சேர்ந்ததில் துருவேறி, செம்பு உரிந்து கிடந்தது. முனையை வெட்டி, அழுத்தி மூடும் வகைக் கனெக்டரை ரப்பர் வளையத்தோடு பொருத்தி, அதற்கும் டேப் சுற்றப்பட்டது.